இல்லாத ஊரின் பெயரில் ஒரு வீடு

மாமனாரின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே கணவர் விமானம் ஏறிவிட்டார். வியட்நாமில் ஒரு தொழிற்சாலை கட்டுமானத்தில் அவருக்கு இன்னும் ஒன்றரை வருட வேலை பாக்கி இருந்தது. போகும்போது, "அப்பா வீட்டை என் பேருக்கு மாற்றுகிற வேலையை மட்டும் நீ பார்த்துக்கொள், ஒரு மாதத்தில் முடிந்துவிடும்" என்றார். அது 2024 ஜனவரி. முடிந்தது 2025 ஜூனில். பதினேழு மாதம், ஏறக்குறைய 6 லட்சம் யென், பதினான்கு நாள் விடுப்பு. வரிக் கணக்கில் அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் சேர்த்தே மதிப்பு 13 லட்சம் யென்தான். விற்கலாம் என்றாலும் வாங்க ஆள் கிடையாது. ஜப்பானில் குடும்பம் நடத்தும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது கிராமத்தில் இருந்து வந்த மாமனார் மாமியார் இருந்தால், எனக்கு யாரும் சொல்லாததை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஊர் ஒகயாமாவுக்கு வடக்கே, மலைக்குள் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை, கையெழுத்துப் போட்ட உறவினர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். "இருக்கிறது" என்று சொல்வதே ஒரு வகையில் தப்பு. 2005 மார்ச்சில் அந்தச் சிறு நகராட்சி பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரு புது மாநகரத்துக்குள் போய்விட்டது. வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. வீட்டின் இன்றைய முகவரியிலும் இல்லை. ஆனால் மாமனார் சாகும்வரை புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில் பழைய ஊர்ப் பெயரைத்தான் எழுதினார். தபால் எண் சரியாக இருந்ததால் அவருக்குப் பதில் அட்டைகளும் வந்துகொண்டுதான் இருந்தன. அதை ஒரு கிழவரின் பிடிவாதம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

இந்த ஊர்கள் ஏன் மறைந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது பிறகு அலைச்சலைக் குறைக்கும். ஜப்பானில் மூன்று முறை பெரிய அளவில் ஊர்களைச் சேர்த்திருக்கிறார்கள். மெய்ஜி காலத்தில், 1888-89ல், ஒரு தொடக்கப் பள்ளியை நடத்தும் அளவுக்காவது ஊர் இருக்கட்டும் என்று 71,314 ஊர்களை 15,859 ஆக்கினார்கள். 1953ல் அடுத்த சட்டம். இந்த முறை ஒரு நடுநிலைப் பள்ளியை நடத்த ஏறத்தாழ 8,000 பேராவது வேண்டும் என்பது கணக்கு. 9,868 ஊர்கள் 1961க்குள் 3,472 ஆகின. மூன்றாவது முறை பள்ளிக்கூடமெல்லாம் இல்லை, நேராகக் காசுதான். 2006 மார்ச்சுக்குள் சேர்ந்துவிட்டால் சலுகைக் கடன் பத்திரம், அதில் திருப்பிக் கட்டும் தொகையில் 70 சதவீதத்தை மைய அரசின் மானியக் கணக்கில் ஈடுகட்டுவோம் என்றார்கள். சேராதவர்களுக்கு மானியம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1999 மார்ச் கடைசியில் 3,232 ஆக இருந்த நகரங்களும் ஊர்களும் 2010 மார்ச் கடைசியில் 1,727 ஆகிவிட்டன. கிராமம் என்ற தகுதியில் இருந்த 568ல் 184தான் மிச்சம். எல்லாரும் தலையாட்டவில்லை. ஃபுகுஷிமா மாநிலத்தின் யமத்சுரி 2001லேயே "நாங்கள் சேர மாட்டோம்" என்று அறிவித்தது, இன்றும் தனி ஊராகத்தான் நிற்கிறது.

இதில் என்னைப் போன்றவர்களுக்கு உறைக்கிற விஷயம், ஒரே வீட்டுக்கு மூன்று ஊர்ப் பெயர்கள் இருக்கலாம் என்பதுதான். எங்கள் வீட்டு நிலம் என் கணவரின் தாத்தா பெயரில் இருந்தது. அவர் 1971ல் இறந்தவர். மாமனார் ஐம்பது வருடம் அந்த வீட்டில் குடியிருந்து வரியும் கட்டினாரே தவிர, பெயரை மாற்றவில்லை. தாத்தாவின் பழைய பத்திரத்தில் இருந்தது 1950களில் காணாமல் போன ஒரு கிராமத்தின் பெயர். மாமனாரின் ஆவணங்களில் 2005ல் காணாமல் போன ஊர். வரி ரசீதில் இன்றைய மாநகரம். நம்மூரில் வாரிசுச் சான்றிதழ் என்று தாசில்தார் ஒரு தாள் கொடுப்பார். இங்கே அப்படித் தாமாக எதுவும் தரமாட்டார்கள். இறந்தவர் பிறந்ததிலிருந்து இறந்ததுவரை எங்கெங்கே கோசெகி, அதாவது குடும்பப் பதிவேடு, வைத்திருந்தாரோ அத்தனை ஊரிலிருந்தும் நகல் வாங்கிச் சங்கிலி மாதிரி கோத்து, வாரிசுகள் இவர்கள்தான் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் முதல் பயணம். நாங்கள் குடியிருக்கும் சைத்தாமாவிலிருந்து ஷிங்கன்சென் என்கிற அதிவேக ரயில், பிறகு உள்ளூர் ரயில், பிறகு பஸ், ஒரு இரவு தங்கல் என்று ஒரு தடவை போய்வர 50,000 யென் ஓடிவிடும். மாமனார் வீட்டுக் கடிதங்களில் இருந்த "ஊர் அலுவலகம்" முகவரிக்கே போனேன். பஸ் நிறுத்தத்தின் பெயர் இன்னும் "ஊர் அலுவலகம் முன்பு" என்றுதான் இருந்தது. இறங்கினால் அலுவலகம் இல்லை. மூன்று மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மட்டும் விளக்கு எரிந்தது, அது மாநகரத்தின் கிளை அலுவலகம். நான்கு பேர் வேலை பார்த்தார்கள். மாமனாரின் கோசெகி அங்கேயே கிடைத்தது. தாத்தாவுடையது கேட்டதும், பழைய கையெழுத்துப் பதிவேடு என்பதால் தலைமை அலுவலகத்தில் தேட வேண்டும், இன்று முடியாது என்றார்கள். நான் பார்த்துவைத்த கடைசி பஸ் நாலரைக்கு. வெள்ளிக்கிழமை வேறு. வெளியே பனி. நிறுத்தத்துக் கூரைக்கு அடியில் நின்று அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு போன் செய்துவிட்டுக் கிளம்பியிருந்தால் அந்த 50,000 மிச்சம். கிளை அலுவலகத்துக்குப் போகுமுன் எந்த ஆவணம், யாருடையது, எந்த வருடத்தது என்று போனில் சொல்லி, "அங்கேயே கையில் கிடைக்குமா" என்று கேட்டுவிடுங்கள். இணைந்த நகரங்கள் பரப்பில் மிகப் பெரியவை. 2005ல் ஒன்பது ஊர்களைச் சேர்த்துக்கொண்ட தகயாமா இன்று 2,177 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட தோக்கியோ மாநகரம் முழுவதும் அடங்கும் அளவு. கிளைக்கும் தலைமைக்கும் நடுவில் ஒரு மலையே இருக்கலாம்.

அப்புறம் தபால் வழியில் இறங்கினேன். பழைய பதிவேட்டு நகல் ஒன்றுக்கு 750 யென், நடப்புப் பதிவேடு 450. பணத்தை அஞ்சலகத்தில் சிறு பணவிடைச் சீட்டாக வாங்கி உறையில் வைக்க வேண்டும். சீட்டு ஒன்றுக்குக் கட்டணம் 200 யென். 450 யென் காகிதத்துக்கு 200 யென் கூலி. எத்தனை நகல் வருமோ தெரியாது, அதனால் அதிகமாகவே வைத்து அனுப்ப வேண்டும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள். மொத்தம் இருபத்து மூன்று உறைகள் அனுப்பினேன். அதில் ஒன்று முழுக்க என் அசட்டுத்தனம். கணவரின் சித்தப்பா ஒருவருடைய பதிவேடு "காமி"யில் இருக்கிறது என்று அவர் மனைவி போனில் சொன்னார். எழுத்தையும் சொன்னார். தேடியதும் முதலில் வந்த ஹியோகோ மாநிலத்துக் காமிக்கு அனுப்பிவிட்டேன். அது 2005ல் மூன்று ஊர்கள் சேர்ந்து உண்டானது. வேண்டியதோ கோச்சி மாநிலத்துக் காமி, 2006ல் மூன்று ஊர்கள் சேர்ந்தது. இரண்டுக்கும் எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. உறை திரும்பி வரப் பத்து நாள். புதுப் பெயர் வைக்கும்போது இப்படி இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, தாத்தே என்ற நகரமும் ஹொக்கைதோவில் ஒன்று, ஃபுகுஷிமாவில் ஒன்று. எந்த ஊரைக் குறித்துக்கொண்டாலும் மாநிலப் பெயரையும், இணைவதற்கு முந்தைய ஊர்ப் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 1 முதல் எந்த ஊர் கோசெகியையும் நாம் குடியிருக்கும் ஊர் ஜன்னலிலேயே வாங்கலாம் என்று புது ஏற்பாடு வந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு மறு வாரமே கணவரின் அதிகாரப் பத்திரத்தோடு ஓடினேன். முடியாது என்றார்கள். இந்த வசதி சம்பந்தப்பட்டவர், அவர் கணவன் அல்லது மனைவி, பெற்றோர் தாத்தா பாட்டி வழி, பிள்ளை பேரன் வழி, இவர்களுக்கு மட்டும். அதுவும் நேரில் வர வேண்டும். மருமகளுக்குக் கிடையாது, அதிகாரப் பத்திரமும் செல்லாது. சரி என்று மறுபடி உறை ஒட்ட உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் பெரிய தவறு செய்தேன். ஆகஸ்டில் ஒபோன் என்கிற முன்னோர் நினைவு விடுமுறைக்குக் கணவர் ஐந்து நாள் வந்தார். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று எங்கள் ஊர் ஜன்னலுக்கு அவரைக் கூட்டிப் போனேன். இரண்டரை மணி நேரத்தில் அவர் அப்பாவுடையதும் தாத்தாவுடையதும் ஒரு கட்டாக அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். ஐந்து மாதமாக நான் சேர்த்ததில் பாதி அதில் இருந்தது. அவர் "பார், எவ்வளவு சுலபம்" என்றார். அன்று இரவு நான் சமைக்கவில்லை.

ஆகவே நேரடி வாரிசு ஒரே ஒரு வேலை நாள் நாட்டில் இருந்தாலும் அந்த நாளை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். அண்ணன் தம்பி, சித்தப்பா அத்தை பதிவேடுகளுக்கு இந்த வழி உதவாது, அவற்றுக்குத் தபால்தான். இங்கே முக்கியப் பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதில், ஊர் அலுவலகத்தில் பதிவு செய்து வைத்த பெயர் முத்திரையைத்தான் குத்துவார்கள். கணவர் வெளிநாட்டுக்குக் குடியிருப்பை மாற்றிவிட்டதால் அவருடைய முத்திரைப் பதிவும் ரத்தாகியிருந்தது. அதற்குப் பதில் ஹோ சி மின் நகரில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்துச் சான்று வாங்கினார். இதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள், வீட்டில் முத்திரை இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

அத்தனைக்குப் பிறகும் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லை. தாத்தா பிறந்த கிராமத்தின் பதிவேடு இன்றைய மாநகரத்தில் இல்லை என்றே பதில் வந்தது. செப்டம்பரில் இரண்டாவது தடவை போனபோது கிளை அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார், ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது வயதிருக்கும். இணைவதற்கு முன் ஊர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நகலைத் தூக்கிப் பிடித்துத் தூரிகை எழுத்தைப் படித்துவிட்டு, ஒரு காகிதத்தில் ஆறு மாதிரி ஒரு கோடு போட்டார். 1950களில் இந்தக் கிராமத்தை ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்து வேறு வேறு ஊரில் சேர்த்தார்களாம். வடக்குப் பாதி எங்கள் ஊரோடு வந்தது. தெற்குப் பாதி போன ஊர், 2005ல் வேறு ஒரு நகரத்தோடு போய்விட்டது. தாத்தா பிறந்த வீடு தெற்கே. இதை எந்தத் தேடுபொறியும் எனக்குச் சொல்லவில்லை. அந்த அம்மா அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுவதாகச் சொன்னார். பழைய ஊர்க்காரர் யாராவது ஜன்னலில் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு அந்தக் கேள்விதான் வழி திறந்தது. தெற்கு நகரம் பதில் அனுப்பியது. அதில் ஒரு பதிவேடு கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்டிருந்தது. முன்பு 80 வருடம்தான் வைத்திருப்பார்கள், 2010ல்தான் அதை 150 வருடம் ஆக்கினார்கள். அழிக்கப்பட்டதற்கு ஒரு சான்று கொடுக்கிறார்கள், அதை வாங்கிக் கோப்பில் வைத்தால் போதும். கிராமம், ஊர், மாநகரம் என்று பெயர் மாறியதற்கான சான்றும் எங்களுக்கு இலவசமாகவே கிடைத்தது. அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள். இருப்பவர்கள், போனவர்களின் பிள்ளைகள் எல்லாம் சேர்த்துப் பதினோரு வாரிசுகள். கணவரைத் தவிரப் பத்துப் பேரிடம் பாகப்பிரிவினை ஒப்பந்தத்தில் பதிவு செய்த முத்திரை வாங்க வேண்டும். நான் பார்த்தே இராத மனிதர்கள். போனை எடுத்ததும் ஒரு வெளிநாட்டுப் பெண் குரல், சொத்து, முத்திரை என்று பேசினால் யார்தான் நம்புவார்கள்? ஓசாகாவில் இருக்கும் கணவரின் அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. புது மாநகரத்தின் பெயரைச் சொல்லி, அங்குள்ள வீட்டு விஷயமாக என்று ஆரம்பித்தேன். "அப்படி ஒரு ஊர் எனக்குத் தெரியாதே" என்று வைத்துவிட்டார். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை பழைய ஊர்ப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த வீட்டு முற்றத்துப் பேரிச்சி மரம் இருக்கிறதா?" என்று கேட்டார். ஜப்பானியர்கள் காக்கி என்று சொல்லும் பழம், எனக்கு அதற்குத் தமிழில் சரியான பெயர் தெரியாமல் நானே வைத்துக்கொண்டது பேரிச்சி. மரம் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் எழுதிய கடிதங்களில் முதல் வரியிலேயே பழைய ஊர்ப் பெயரைப் போட்டேன். பதில்கள் வந்தன. முத்திரைக்கு நன்றிப் பணம் என்று ஆளுக்கு 30,000 யென் அனுப்பினேன். அது வழக்கம், சட்டம் இல்லை. ஏழு பேர் வாங்கிக்கொண்டார்கள், மூன்று பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தை திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர்.

இவ்வளவு கஷ்டப்பட்டவள் ஒப்பந்தத்தை மட்டும் காசு மிச்சம் பிடிக்க நானே எழுதினேன். பதிவு அலுவலகம் இரண்டு முறை திருத்தம் கேட்ட பிறகுதான் ஷிஹோஷோஷி என்கிற சட்ட எழுத்தரிடம் போனேன். 1,60,000 யென். முதலிலேயே போயிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் என் ஒப்பந்தத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பின்னால் தெரியவரும் சொத்தும் இவருக்கே என்று ஒரு வரி இல்லையே?" இல்லை. வரிச் சீட்டில் உள்ளதுதான் சொத்து என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நகரத்துக்குள் ஒருவருடைய நிலம் மொத்தமும் 3,00,000 யென்னுக்குக் குறைவான மதிப்பு என்றால் வரியே இல்லை, சீட்டும் வராது. மலைக்காடெல்லாம் அப்படித்தான் கண்ணில் படாமல் கிடக்கும். அந்த நகரத்தில் ஒருவர் பெயரில் உள்ள எல்லாவற்றையும் காட்டும் நயோசேச்சோ என்ற பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். இணைந்ததில் இது ஒன்றுதான் எனக்கு லாபம், பழைய ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல். அதில் ஒரு துண்டு வயலும் ஒரு காடும் வந்தன. வயலுக்கு வேளாண் குழுவில் பத்து மாதத்துக்குள்ளும், காட்டுக்கு நகர அலுவலகத்தில் 90 நாளுக்குள்ளும் தகவல் கொடுக்க வேண்டும். இரண்டு கெடுவும் தாண்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தேன், அபராதம் போடவில்லை. நிலப் பெயர் மாற்றமே 2024 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம், பழைய சாவுகளுக்கு 2027 மார்ச் 31 வரை. தவறினால் 1,00,000 யென் வரை அபராதம் உண்டு.

2025 ஜூனில் பதிவு முடிந்த தாள் வந்தது. புது மாநகரத்தின் பெயர், கணவர் பெயர். ஜூலையில் வீட்டைச் சுத்தம் செய்யப் போனேன். புத்தர் மாடத்தின் கீழ் இழுப்பறையில், ஊர் மூடும் விழாவில் கொடுத்த ஒரு துண்டில் சுற்றி, தாத்தாவின் இன்னொரு பத்திரம் இருந்தது. ஒரு மலைச் சரிவு. ஆற்றுக்கு அப்பாலும் இல்லை, இப்பாலும் இல்லை, 2005ல் சேர மாட்டோம் என்று தனியாக நின்றுவிட்ட பக்கத்து ஊரில். மாநகரத்தின் பட்டியலில் அது வர வழியே இல்லை. வீட்டின் எல்லா இழுப்பறைகளையும், முக்கியமாகப் புத்தர் மாடத்தை, ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் பாருங்கள். 2026 பிப்ரவரி முதல் ஒருவர் பெயரில் நாடு முழுக்க உள்ள நிலங்களைக் காட்டும் சான்று ஒன்றும் வந்திருக்கிறது. ஆனால் பெயரையும் முகவரியையும் வைத்துத்தான் தேடுவார்கள், அதனால் பழைய கிராமத்து முகவரி, பழைய ஊர் முகவரி எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பக்கத்து ஊர் அலுவலகத்துக்குத் தபாலில் விண்ணப்பம் போட்டேன். பெயர் மாறாத, கிளை இல்லாத ஊர். ஐந்தாம் நாள் பதில் வந்துவிட்டது. சட்ட எழுத்தர் சொன்ன அந்த ஒரு வரி என் ஒப்பந்தத்தில் இல்லாததால் பத்துப் பேரிடமும் மறுபடி முத்திரை வாங்க வேண்டும். முதலில் ஓசாகா அத்தைக்குப் போன் செய்தேன். பழைய ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, "மரம் இந்த வருடம் காய்த்ததா?" என்றார்.